ஸ்டெல்லாவின் வலப்பக்கம்

2022 டிசம்பர் 4

இன்று ஒருவன் என் படகைக் கோணல் என்று சொன்னான். அவனுக்கு மதியச் சாப்பாடும் போட்டு அனுப்பினேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு வந்திருக்கும் பொறுமையைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

வந்தவர் பெயர் கிருபாகரன். சென்னைப் பாய்ப்படகுச் சங்கத்தின் அளவையாளர். பிப்ரவரியில் முதல் முறையாகத் தூத்துக்குடியில் பழைய மரப் படகுகளுக்கு ஒரு பந்தயம் வைக்கிறார்கள். ஸ்டெல்லா அதில் ஓட வேண்டும் என்று நானும் லாரன்ஸ் அண்ணனும் மனுப் போட்டிருந்தோம். ஸ்டெல்லா இருபத்தெட்டு அடி, ஒற்றைப் பாய்மரம், முழுக்கத் தேக்கு. 1951-ல் இந்த ஊரில், பந்தயத்துக்கென்றே செய்தது. இப்போது அண்ணன் கடையின் பின்பக்கம் இரண்டு மரக்கட்டைத் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை அளந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நடுவுல வலப்பக்கம் ஒரு அங்குலம் புடைச்சிருக்கு. டிராயிங்ல அப்படி இல்ல. கட்டும்போதே நடந்த பிழை" என்றார்.

"டிராயிங்ல பாதிப் படகுதான இருக்கு. வலப்பக்கத்தை எங்க பாத்தீங்க?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னுதான் பாதி மட்டும் போடுறது" என்று சிரித்தார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கடலாழம் அளந்தவளிடம் இந்தப் பாடம்.

சங்கத்தின் விதி இது. வலப்பக்கம் நாலு பலகையைப் பிரித்து, உள்ளே விலாக்கட்டைகளைச் சீவி, திரும்ப அடித்து, வரைபடத்துக்குச் சரியாக்க வேண்டும். ஆக்கினால் பந்தயத்தில் இடம், பாரம்பரியச் சான்றிதழ், ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் 'வரைந்தவர்' என்று ஓர் ஆங்கிலேயன் பெயர். 'கட்டியவர்' என்று, மரப் படகு கட்டும் ஓடாவியாக இருந்த எங்கள் அப்பா பெயர்: ஓடாவி சூசைமிக்கேல் பர்னாந்து.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "அப்பா பேரு பித்தளையில வருது அமலி."

"அந்தப் பக்கம்தாண்ணே அப்பா. அதைச் சீவிட்டு அவரு பேரை எங்க ஒட்டப் போற?"

இதை இந்தக் கரையில் எல்லாரும் அறிவார்கள். அந்தக் காலத்தில் ஒரு படகுக்கு இரண்டு மேஸ்திரி. இடப்பக்கம் ஒருத்தர், வலப்பக்கம் ஒருத்தர். யார் முதலில் பலகையை மூடுகிறார்கள் என்று போட்டி. அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: "இடப்பக்கம் காகிதத்தைப் பாத்துச் செஞ்சது. வலப்பக்கம் என் கண்ணால செஞ்சது." காற்று இடப்பக்கமிருந்து அடித்து ஸ்டெல்லா வலப்பக்கம் சாய்ந்தால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மற்றப் படகுகளைப் போல ஒரு படகு, அவ்வளவுதான். அந்தக் கண்ணைத்தான் பிழை என்கிறார் கிருபாகரன்.

சீவ விடமாட்டேன்.

டிசம்பர் 6

சங்கத்தின் படிவத்தில் 'உரிமையாளர் வரலாறு' என்று ஒரு பக்கம். நிரப்பினேன்.

முதலில் ஹாலம், பஞ்சாலைக் கம்பெனி மேலாளர். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரைபடம் வாங்கிக் கட்டச் சொன்னவர். ஏதோ கடற்பறவையின் பெயரை வைத்தார், அதை யாரும் வாயால் சொல்ல முடிந்ததில்லை. 1958-ல் ஊருக்குத் திரும்பும்போது உப்பளக்காரர் சங்கரலிங்கத்துக்கு விற்றார். சங்கரலிங்கம் பெயரை 'விஜயலட்சுமி' என்று மாற்றி, பங்களா முன்னால் நிறுத்தி, ஒன்பது வருஷம் அதன் நிழலில் பேப்பர் படித்தார். படகு கடலுக்குப் போக வேண்டிய பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

1967-ல் டாக்டர் கர்வாலோ வாங்கினார். 'ஸ்டெல்லா' அவர் வைத்த பெயர். அவர் மனைவி பெயர் செலின். ஊர் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டது. பதினொரு கோப்பை வாங்கினார். பத்திரிகைகளில் படகும் வந்தது, அப்பாவும் வந்தார். டாக்டர் போனபின் செலின் அம்மாள் அதைக் கோயிலுக்குக் கொடுத்தார். கோயில் ஒரு கல்லூரிக்குக் கொடுத்தது. கல்லூரி அதை ஆடுகளுக்குக் கொடுத்தது. 2006-ல் புழுக்கையை அள்ளிவிட்டு நானும் அண்ணனும் ஏலத்தில் எடுத்தோம். பென்ஷன் வரப் பதினோரு வருஷம் இருந்தது எனக்கு. மூன்று மாதத்தில் விட்டுவந்த புருஷனைப் பற்றிக்கூட ஊர் என்னை அவ்வளவு விசாரித்ததில்லை, இதை வாங்கியதற்கு விசாரித்தது.

'வரைந்தவர்' கட்டத்தில் ஆங்கிலேயன் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் 'இடப்பக்கம் மட்டும்' என்று போட்டேன்.

டிசம்பர் 9

தண்ணி லாரி வரவில்லை. பலகையை எப்போது சீவுகிறீர்கள் என்று கேட்டுக் கிருபாகரனின் கடிதம் மட்டும் வந்தது.

டிசம்பர் 12

ஜஸ்டின் வந்து கலப்பத்து வேலையைத் தொடங்கினார். பலகை இடுக்கில் பழைய பஞ்சைச் சுரண்டிப் புதுப் பஞ்சு அடைக்க வேண்டும். இழுவைக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பாய் பிடிக்கிறவரும் அவர்தான். மிகக் குறைவாகப் பேசுவார், அதனால்தான் பதினாறு வருஷமாக ஒத்துப்போகிறோம்.

அண்ணன் டீ கொண்டுவந்தான். "இன்னொரு பக்கத்து மேஸ்திரி யாரோ ஆசாரியாம்லா? ஸ்ரீவைகுண்டத்துத் தேர் ஆசாரி. இசக்கிமுத்துன்னு பேரு" என்றான்.

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

டிசம்பர் 13

நேற்று ராத்திரி இதற்குமேல் எழுதியிருந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கையெழுத்து நன்றாக இல்லை.

டிசம்பர் 18

கிருபாகரனை எண்களாலேயே அடிக்கலாம் என்று நானே அளந்தேன். பதினான்கு இடங்களில், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும், மில்லிமீட்டரில்.

இடப்பக்கம்: 1024, 961, 823... வரைபடத்தின் அடியும் அங்குலமும் அப்படியே. காகிதத்தை எழுத்துப் பிசகாமல் பார்த்துச் செய்த கை.

வலப்பக்கம்: 1050, 980, 840, 595... அடியில் போட்டுப் பார்த்தேன், அங்குலத்தில் போட்டுப் பார்த்தேன், எதிலும் அடங்கவில்லை. கண்ணால் செய்தது அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டு எழுந்தேன். வாவல் மீன் பொரித்தேன். திருப்பிப் போடும்போது உறைத்தது. பதினான்கும் முப்பத்தைந்தால் மீதியில்லாமல் வகுபடுகின்றன.

கண்ணால் செய்தால் பதினான்கு இடத்தில் மீதியில்லாமல் வராது. இது அளவு போட்டுச் செய்தது. யாருடைய அளவு?

மீன் கருகிவிட்டது.

டிசம்பர் 19

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

டிசம்பர் 20

சரி, எழுதுகிறேன்.

தச்சு முழக்கோல் முப்பத்து மூன்று அங்குலம். அதில் இருபத்து நாலு விரல். ஒரு விரலுக்கு முப்பத்தைந்து மில்லிமீட்டர். கோயில் வேலை, தேர் வேலை செய்கிற ஆசாரிகள் பிடிக்கிற கோல் அது.

அப்பா வாழ்நாளில் முழக்கோல் தொட்டதில்லை. அவரிடம் இருந்தது வெள்ளைக்காரக் கம்பெனியின் மடக்கு அடிக்கோல். அதைப் பெருமையாகச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஆசாரிகள் விரல் கணக்கில் பேசினால் கேலி செய்வார்.

வலப்பக்கம் அப்பா இல்லை.

டிசம்பர் 26

கிறிஸ்துமஸ் போனது. அண்ணன் வீட்டில் சாப்பாடு. அப்பா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி. "ஏட்டி, ஏன் உம்முன்னு இருக்க?" என்றான். பல்வலி என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாமேல் கோபப்பட முயன்றேன். வந்தது கோபம் இல்லை, வெட்கம். இரண்டையும் எனக்குச் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை. விறுவிறு என்று பாத்திரத்தையெல்லாம் தேய்த்து வைத்தேன்.

2023 ஜனவரி 3

ஸ்ரீவைகுண்டம் போனேன். ஆசாரிமார் தெருவில் இரண்டாவது ஆளே வீட்டைக் காட்டிவிட்டார். இசக்கிமுத்து ஆசாரி போய் முப்பது வருஷம் ஆகிறது. மகள் சண்முகவடிவு இருக்கிறாள். எழுபது வயது, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"தூத்துக்குடி. ஓடாவி சூசைமிக்கேல் மக."

டி.வி.யை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தாள். "அப்பம் அந்த வீட்டுப் பிள்ள நீங்கதானா. இருங்க."

உட்கார்ந்தேன். அளவுத் தாளை நீட்டினேன். முப்பத்தைந்து என்றேன். அவள் தாளைப் பார்க்கவேயில்லை.

"எங்கய்யா தேர் செய்யுத ஆளு. அதுக்கு முன்ன கடலைப் பாத்ததே இல்ல. ஆள் பத்தலன்னு கூட்டிட்டுப் போயிருக்காவ. படத்தை விரிச்சதும், 'பாதிதான இருக்கு, மீதிப் பாதி எங்க'ன்னு கேட்டாவளாம். உங்கய்யா சிரிச்சிட்டு, 'மீதிய நீ பாத்துக்கோ'ன்னாவளாம். அவுக விளையாட்டுக்குச் சொன்னது. எங்கய்யா நெசம்னு எடுத்துக்கிட்டாவ."

கீரைக் காம்பை எறிந்துவிட்டுச் சொன்னாள். "தேருக்குப் படம் கிடையாது. ஒரு பக்கம் சொன்னா மறுபக்கம் ஆசாரி பாடு. தெரு எங்க சரியுதோ அந்தப் பக்கம் கட்டை கூடப் போடணும். அதான் படகுக்காரங்ககிட்டப் போயி, 'வீட்டுக்குத் திரும்பும்போது எந்தப் பக்கம் சாயும்'னு கேட்டிருக்காவ. வலதுன்னு சொன்னாவ. வலது பக்கம் ஒரு விரல் மாதிரி கூட வச்சிட்டாவ."

எழுபது வருஷமாக இந்த ஊர் பேசுகிற அந்த ஓட்டம், இந்த ஒரு கேள்வியில் பிறந்தது.

"பொறவு வெள்ளைக்காரன் நூல் புடிச்சுப் பாத்தான். கோணல்னு கத்துனான். உங்கய்யா, 'அது ஆசாரி பக்கம், நான் இல்ல'ன்னுட்டாவ. எங்கய்யாவ அன்னைக்கே அனுப்பிட்டாங்க. படகு முதப் பந்தயம் ஓடும்போது எங்கய்யா இங்க மஞ்சள் காமாலையில கெடந்தாவ."

பிழையாக இருந்தவரை அது ஆசாரியுடையது. ஜெயித்த மறுநாள் அது அப்பாவுடையது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அறுபத்தேழுல பேப்பர்ல வந்துச்சு, படகும் உங்கய்யாவும். அந்தப் பேப்பரை மடிச்சு எடுத்துக்கிட்டு எங்கய்யா உங்க வீட்டுக்கு வந்தாவ. சண்டைக்கு இல்ல. 'எம்பேரையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா'ன்னு கேக்க."

கிழித்த பக்கத்தில் இருந்தது இதுதான். அதை இப்போது ஒழுங்கான கையெழுத்தில் எழுதுகிறேன். எனக்கு எட்டு வயது. வாசலில் ஒரு நெட்டையான ஆள், கையில் பேப்பர். அப்பா உள்ளே, கதவுக்குப் பின்னால் நின்று எனக்குச் சைகை காட்டினார். "அப்பா வீட்ல இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"சாத்துனது நான்தான்" என்றேன்.

"தெரியும். எங்கய்யா சொல்லுவாவ. 'பாவம், சின்னப்புள்ள, பொய் சொல்லத் தெரியாம உள்ள திரும்பித் திரும்பிப் பாத்துச்சு'ன்னு."

அடுத்த கீரைக் காம்பை எடுத்தாள்.

"இப்பம் என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"பேரு எழுதணும். இனிஷியல் என்ன?"

ஜனவரி 5

அண்ணனிடம் சொன்னேன். சண்முகவடிவு சொன்னதை, எண்களை, எல்லாவற்றையும். கதவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"செத்துப்போன மனுஷன். இப்பம் கிளறி என்னட்டி செய்யப் போற?"

"அவரும் செத்துப்போன மனுஷன்தாண்ணே."

கடையில் ஆள் வந்துவிட்டது. அவனுக்கு அது நிம்மதி.

ஜனவரி 9

சங்கத்துக்கு எழுதினேன். மூன்று வரி போதும் என்று நினைத்தேன், மூன்று பக்கம் ஆனது. இந்தப் படகுக்கு வரைந்தவர் இருவர், இடப்பக்கம் காகிதத்தில் ஆங்கிலேயர், வலப்பக்கம் மரத்தில் மு. இசக்கிமுத்து ஆசாரி. ஓடாவி சூசைமிக்கேல் இடப்பக்கத்தை வரைபடத்தின்படி துல்லியமாகக் கட்டியவர். வலப்பக்கத்தில் அவர் பங்கு ஒன்றுமில்லை. அவர் மகள் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி இரண்டு வரியையும் நாலு தடவை அடித்து நாலு தடவையும் திரும்ப எழுதினேன். அப்பா துல்லியமான வேலைக்காரர். அது பொய் இல்லை. அது அவருக்குப் போதாமல் போனதுதான் கேடு.

ஜனவரி 12

காலையில் கடைக்குப் பின்னால் போனால் இரண்டு தச்சர்கள். ரம்பம், உளி, ஆணி பிடுங்கும் கடப்பாரை. அண்ணன் பக்கத்தில் நிற்கிறான், என் முகத்தைப் பார்க்காமல்.

"பாதி என்னுது அமலி. சீவிருவோம். தகடு வரட்டும்."

ஏணி வைத்து ஸ்டெல்லாவுக்குள் ஏறி வலப்பக்கப் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது, தயிர்ச்சாதம். முழங்கால் மட்டும்தான் சம்மதிக்கவில்லை. "பிரிங்க. நான் இங்கேதான் இருக்கேன்" என்றேன்.

தச்சர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

பதினொரு மணிக்கு அண்ணன் ஏணியில் பாதி ஏறி வந்தான். "ஏட்டி, ஒரு கேள்வி. இத்தன நாளு அது அப்பா செஞ்ச பக்கம்னு சண்டை போட்ட. சரி. இப்பம் அப்பா செய்யலைன்னு நீயே சொல்லுத. பொறவு அதைச் சீவுனா உனக்கென்ன?"

நல்ல கேள்வி. ஒன்பது நாளாக நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா செய்யலைன்னா அது பிழை ஆயிருமாண்ணே? நம்ம வீட்ல அந்தக் கணக்கை ஒருதடவை போட்டாச்சு. ரெண்டாந்தடவை நான் போடமாட்டேன்."

பிறகு அந்தக் கதவைப் பற்றியும் சொன்னேன். அண்ணன் ஏணியில் நின்றபடியே கேட்டான். அவனுக்கு அப்போது பதினொரு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். இதற்கு முன்பு அவன் கண் கலங்கி நான் பார்த்தது அம்மா போனபோது மட்டும்தான்.

இறங்கிப் போய்த் தச்சர்களிடம் ஏதோ சொன்னான். அவர்கள் கிளம்பினார்கள். ஆனாலும் நான் சாயங்காலம் ஆறு வரை இறங்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் இல்லை, முழங்கால் மடங்கவில்லை. ஜஸ்டின் வந்து தூக்கி இறக்கினார்.

ஜனவரி 24

சங்கத்தின் பதில். 'தங்கள் விளக்கம் சுவையானது. எனினும் ஆவணச் சான்று இல்லாததால் ஏற்பதற்கில்லை.' சான்றிதழ் கிடையாது. தகடு கிடையாது. பரிசுக்குரிய பிரிவில் இடம் கிடையாது. வேண்டுமானால் பொதுப் பிரிவில், மற்றவர்கள் கிளம்பி ஐந்து நிமிஷம் கழித்து, ஓடிக்கொள்ளலாம். படிவத்தில் வரைந்தவர் பெயர் 'அறியப்படவில்லை' என்று திருத்தப்பட்டிருக்கிறது.

இத்தனை நாள் இருந்த ஆங்கிலேயனும் போய்விட்டான். அதுவும் ஒரு நியாயம்தான்.

ஓடுகிறோம் என்று எழுதிப் போட்டேன்.

பிப்ரவரி 4

பெயிண்ட் வாங்கினேன், வெள்ளை. வலப்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, முழ உயர எழுத்தில்: இந்தப் பக்கம் மு. இசக்கிமுத்து ஆசாரி, ஸ்ரீவைகுண்டம்.

இடப்பக்கத்தை அண்ணன் எழுதினான். அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். இந்தப் பக்கம் ஓடாவி சூசைமிக்கேல் பர்னாந்து, படம் பார்த்துச் செய்தது. 'படம் பார்த்துச் செய்தது' என்பதை எழுத அவனுக்கு அரைமணி நேரம் ஆனது. நான் உதவப் போகவில்லை.

சண்முகவடிவுக்குப் போன் செய்தேன். "பாக்க வாறீங்களா?"

"கரையில நின்னு என்னத்தப் பாக்க? ஏத்திக்கிட்டுப் போங்க" என்றாள். கடலில் கால் நனைத்ததில்லையாம்.

பிப்ரவரி 12

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். கணக்கில் எங்களுக்கு இடம் இல்லை. ஆனால் ஐந்து நிமிஷம் பின்னால் கிளம்பிய எங்களுக்கு முன்னால் கோட்டைத் தாண்டியது ஏழில் ஒரே ஒரு படகு.

முயல்தீவுப் பக்கம் கிளம்பி, வடக்கே ஒரு மிதவையைச் சுற்றி, தெற்கே திரும்பி வர வேண்டும். வாடைக்காற்று நன்றாக இருந்தது. கிளம்புமுன் நடுவர்களின் படகை மூன்று தடவை சுற்றினேன், மூன்று தடவையும் வலப்பக்கத்தைக் காட்டி. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு படகுக்கும் வரைந்தவர் பெயர் சொன்னார்கள். எங்களுக்கு 'அறியப்படவில்லை' என்றார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த எழுத்து அவர்கள் மூக்குக்கு முன்னால் போனது. கிருபாகரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

வடக்கே போகும்போது இடப்பக்கம் சாய்ந்து, திணறி, எல்லாருக்கும் கடைசியாகப் போனோம். வலப்பக்கம் உயர்ந்து நின்றது. சண்முகவடிவு பாய்மரத்தடியில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பார்த்து, தன் அப்பா பெயரைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். முறைத்தாள்.

மிதவையைச் சுற்றினோம். ஜஸ்டின் பாயை மாற்றினார். காற்று இடப்பக்கம் வந்தது. ஸ்டெல்லா வலப்பக்கம் சாய்ந்தாள், அந்தப் புடைப்பு தண்ணீரில் அமர்ந்தது, சுக்கான் என் கையில் சட்டென்று லேசானது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு படகைத் தாண்டினோம், இன்னொன்றைத் தாண்டினோம்.

சண்முகவடிவு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அலை எழுத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"எங்கய்யா பேரு முங்குதுல்லா" என்று கத்தினாள்.

"முங்கட்டும். அது மேல தெரிஞ்சா நாம ஓடலைன்னு அர்த்தம்."

அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் இன்னுங்கொஞ்சம் சாய்ங்க" என்றாள்.